இருநூறு சொற்களுக்குள்

"எங்கள் கல்லூரியில் சேர விரும்புவது ஏன்?
இருநூறு சொற்களுக்குள் விளக்கவும்."
காலிக் கட்டத்துக்குள்
ஒரு கோடு மினுக்கிக்கொண்டு நிற்கிறது.

பொதட்டூர்ப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
டில்லிபாபுவின் கம்ப்யூட்டர் சென்டர்,
மணிக்கு முப்பது ரூபாய்.
போன வருஷம் சீட்டு வாங்கின பையன் எழுதியது
தன்னிடம் இருக்கிறது என்கிறான்.
"பேரை மட்டும் மாத்திக்கோ."
படித்தேன். சேவை, லட்சியம், சிறு வயது முதலே.
சிறு வயதில் எனக்கு
லாரி ஓட்டத்தான் ஆசை.

என் காரணம் ஒரு சொல்.

அப்பா முனிகிருஷ்ணய்யா
இரண்டு தறிக்கு நடுவில் நிற்பவர்.
வீட்டில் தெலுங்கு, கூலி கேட்க மட்டும் தமிழ்.
நாடா ஓடும் திசையில் தலையைத் திருப்பியவர்
ஒருநாள் அப்படியே பாவின் மேல் சாய்ந்தார்.
முதலில் போன ஆஸ்பத்திரியில்
என்ன பண்ணுது என்று கேட்டார்கள்.
பயத்தில் தமிழ் ஓடிப்போக
"கள்ளு திருகுதுன்னாயி" என்றார்.
கண் சுற்றுகிறது என்று அர்த்தம்.
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு
கள்ளு மட்டும் கேட்டது.

சீட்டில் எழுதினார்: குடிப்பழக்கம் உண்டு.

அதன் பிறகு அந்தச் சீட்டுதான் அப்பா.
அடுத்த டாக்டரும் அதற்கடுத்தவரும்
சீட்டைப் படித்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார்கள்.
சத்து மாத்திரை, கொஞ்சம் புத்திமதி.
அம்மாவுக்கும் தெலுங்குதான்.
கள்ளு என்றால் கண் என்று தெரிந்தவள்,
ஆனாலும் காகிதத்தை நம்பினாள்.
பதினோரு நாள் பேசவில்லை.
அப்பா அவள் முன்னால் போய் நின்று
வாயைத் திறந்து ஊதிக் காட்டியதை
நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

நான்காவதாகத்தான் உங்கள் கல்லூரி.
குட்டைக் கோட்டு போட்ட ஒரு மாணவி,
பையில் பேனா கசிந்து நீலத் திட்டு.
சீட்டைப் படித்தாள். திரும்பவும் கேட்டாள்.
அப்பா அதே சொல்லை
திருடியதைத் திருப்பித் தருபவர்போல முணுமுணுத்தார்.
அவள் சொன்னாள்:
"எனக்கு இது புரியலை. இருங்க, கேட்டுட்டு வரேன்."

மூன்று ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லாத வாக்கியம்.

வராந்தா துடைத்துக்கொண்டிருந்த அம்மாவை
ஈரக் கையோடு கூட்டி வந்தாள்.
"கண்ணும்மா, கண்ணு. குடிக்கிறது இல்ல."
பெரிய டாக்டர் வந்து
கட்டில் விளிம்பில் அப்பாவின் தலையைத் தொங்கவிட்டு
மெதுவாக ஒரு பக்கம், பிறகு மறுபக்கம்.
காதுக்குள் பொடிக்கல் உண்டாம்,
இடம் மாறிவிட்டதாம்.
கள்ளு இல்லை, கல்லு.
ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.
எழுந்து உட்கார்ந்த அப்பா எதிரே பார்த்து
"செவுரு நின்னுடிச்சு" என்றார்,
தமிழில்.

அதிகாரம் உண்டோ இல்லையோ
அந்த மாணவி பழைய சீட்டை வாங்கி
அந்த ஒரு வரியை அடித்தாள்.
மை இழுவிக்கொண்டது.

அவள் பெயர் கேட்க மறந்துவிட்டேன்.
அதனால்தான் இந்தக் கல்லூரி,
என்று முடித்தபோது
சில சொற்கள் மிச்சமிருந்தன.
"லேப் நல்லாருக்குன்னு ஒரு வரி போடு" என்றான் டில்லிபாபு.
நான் லேப்பைப் பார்த்ததில்லை.
எங்கள் ஊரிலிருந்து ஒரே பஸ் என்று போட்டேன்,
அதுவும் உண்மைதானே.

அனுப்பு என்பதை அழுத்தினேன்.
திரையில் ஒரு வட்டம்
சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது.
"அதையே பாக்காத," என்கிறான்,
"தலை சுத்தும்."