மேசை இருந்த இடம்

அக்டோபர் விடுமுறையின் இரண்டாம் நாள்.
பதினொரு பள்ளி நூலகர்கள், ஒரு சிற்றுந்து,
ஆளுக்கொரு குறிப்பேடு.
என் கைப்பையில் மட்டும்
துணி தைக்கும் அளவுநாடா.

வால்மியெரா நகர நூலகத்தைப் பார்த்து வந்து
அதுபோலவே செய்யுங்கள் என்றது கல்வித்துறை,
பணம் பற்றி மூச்சுவிடாத ஒரு கடிதத்தில்.

வாசலில் நின்றிருந்த விஸ்மா
ஈரக் காலணிகளை எங்கே விடுவதென்று
முதலில் அதைத்தான் காட்டினாள்.
சூடேற்றிய பலகை; அதன்மேல் பூட்ஸுகள்
குளிர்காயும் வாத்துகளாக.
எழுதிக்கொண்டேன்: பூட்ஸுக்குப் பலகை.
எங்கள் பள்ளியின் வெந்நீர்க் குழாயோ
தலைமையாசிரியர் அறையோடு நின்றுவிடும்.

அலமாரிகளுக்குச் சக்கரம் இருந்தது.
ஒற்றை விரலால் தள்ளினாள், கவிதைகள் நகர்ந்தன,
நாடகங்கள் வழிவிட்டன.
உயரம் நூற்றிருபது. எட்டு வயதுக்காரியின்
உச்சந்தலை மேலே தெரியும்.
தாமதக் கட்டணம் கிடையாது என்றதும்
ஜித்ரா பெருமூச்சு விட்டாள்.
அபராதச் சில்லறையில்தான்
முப்பது வருடமாக அவள் பசை வாங்குகிறாள்.

ஓர் இழுப்பறை நிறைய விதைகள்.
பட்டாணி, சதகுப்பை, சூரியகாந்தி.
கடன் வாங்கி விதைக்கலாம்,
விளைந்ததில் ஒரு பிடி திருப்பித் தரலாம்.
"வராக்கடன் நிறைய," என்றாள் விஸ்மா,
"மழையைக் கேட்க வேண்டும்."

மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து.
உள்ளே மெத்தை, சின்ன விளக்கு.
அகலம் அளக்கக் குனிந்தேன்.
முதலில் காலுறைகள் தெரிந்தன:
ஒன்று பச்சை, ஒன்று கருநீலம்.
அந்தக் காலுறைகளை எனக்குத் தெரியும்.
ஏழாம் வகுப்பு ராய்வோ.
அம்மாவுக்கு இந்த ஊர்த் தொழிற்சாலையில் வேலை.
மூன்று ஆண்டில் என் நூலகத்துக்குள்
ஒரே முறை வந்தவன், அதுவும்
விளக்கு மாட்ட வந்தவருக்கு ஏணி பிடிக்க.

மல்லாந்து கிடந்து படித்துக்கொண்டிருந்தான்,
ஆழ்கடல் மீன்களைப் பற்றி.
அதே புத்தகம் என்னிடமும் இருக்கிறது.
முதுகு மடியாமல். புத்தம் புதிதாக.

நாடாவை ஓசையின்றிச் சுருட்டினேன்.
நாடகங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்,
ஐம்பத்து நான்கு வயதில்.

காபி வேளையில் கேட்டேன், அந்தப் பையன் தினமும் வருவானா?
"எந்தப் பையன்?" என்றாள் விஸ்மா.
பொய்யில்லை. அவள் பார்த்திருக்கவே இல்லை.
அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன்:
அத்தனை பெரிய கட்டடத்தில்
வாசலை முறைக்கும் மேசை ஒன்றுகூட இல்லை.

என்னுடையது வாசலுக்கு நேர் எதிரே.
வருகிறவர்மேல் முதலில் படுவது என் மூக்குக்கண்ணாடி,
அப்புறம் என் குரல்: "என்ன வேண்டும்?"
அன்பாகத்தான் கேட்கிறேன்.
பன்னிரண்டு வயதில் யாருக்குத் தெரியும்
என்ன வேண்டுமென்று.

திரும்பும் வழியெல்லாம் சோபா விலை பேசினார்கள்.
ஜித்ராவின் மடியில் நான்கு பொட்டலம் சதகுப்பைக் கடன்.
என் குறிப்பேட்டில் வெறும் சென்டிமீட்டர்கள்.

பள்ளி திறந்த திங்களன்று
காவலாளி குன்டார்ஸும் நானும்
மேசையை ஜன்னலோரம் இழுத்தோம்.
இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்,
"இது கல்வித்துறை உத்தரவா?"
தரையில் அது இருந்த இடம் மட்டும்
நீள்சதுரமாக மின்னியது,
இருபது வருடம் யாரும் மிதிக்காத மெருகோடு.

ராய்வோ வரவில்லை.
அந்த வாரமும், அடுத்த வாரமும்.
வந்தவள் இரண்டாம் வகுப்பு லீவா.
அந்தச் சதுரத்தின் நடுவில் சப்பணமிட்டு,
அதன் ஓரத்தைத் தாண்டாமல்
புத்தகங்களைப் பரப்பிக்கொண்டாள்,
எனக்கு முதுகைக் காட்டியபடி.
என்ன வேண்டும் என்பது நாக்குநுனிவரை வந்தது.
எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன்.

ஆழ்கடல் மீன்களைக்
கீழ்த்தட்டுக்கு இறக்கியிருக்கிறேன்.
அதன் முதுகையும் லேசாக மடக்கி வைத்தேன்,
யாரோ ஏற்கெனவே
படித்துவிட்டுப் போனதுபோல.