கதவுக்கு ஒரு கால்

போன மாதம் வரை மக்ரோனி மாலை.
அதற்கு முன்னால் டிஷ்யூ தாளில் ரோஜா.
இவோன் நல்ல பெண், சம்பளமும் குறைவு,
அதனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
எர்மீனியாதான் ஒரு மதியம்
தன் மாலையைக் கழற்றிச் சூப்புக் கிண்ணத்தில் போட்டாள்.
"இப்போதாவது உதவட்டும்."
பெயிண்ட் அடித்த மக்ரோனி.
சூப் ஊதாவாகிவிட்டது.

அன்றைக்கே முடிவாயிற்று:
இனி உபயோகமாக ஏதாவது.

பிரகான்சாவில் நவம்பர் காற்று
கதவைத் தட்டுவதில்லை.
தரையோடு படுத்து உள்ளே நுழைந்து
கணுக்காலிலிருந்து ஆளைத் தின்னத் தொடங்கும்.
அதைத் தடுக்கக் கதவடியில் கிடத்தும் துணிக்குழலுக்கு
இங்கே ஷொரீசு என்று பேர்,
புகையில் தொங்கும் இறைச்சிக் குழல்போல இருப்பதால்.
பழைய கால்சட்டை, மணல், ஊசி, நூல்,
ஜூனில் சமையலறை சேர்த்துவைத்த செர்ரிக் கொட்டை.
அவ்வளவுதான்.

ஆனால் அளவு?
பதினொரு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை
தன் கதவின் அகலம்.
"சவப்பெட்டி நுழையும். அந்த மட்டும் தெரியும்,"
என்றார் அல்பெர்தீனு.

இவோன் ஆளுக்கொரு நூல் கொடுத்து அனுப்பினாள்.
மறுநாள் முடிச்சுப் போட்ட பதினொரு நூல்கள் மேசையில்.
என் கதவுதான் எல்லாவற்றிலும் குறுகல்.
ஏனோ பெருமையாக இருந்தது.

அல்பெர்தீனு முப்பத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவர்.
ஊசியைத் தொடமாட்டேன் என்று
ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தார் ஒரு வாரம்.
வெள்ளிக்கிழமை கையில் ஒரு பொட்டலம்.
பிரித்தால் கம்பெனிக் கால்சட்டை,
சாம்பல் நிறம், இஸ்திரி மடிப்பு கலையாமல்.
கத்தரிக்கோலை அவரே வைத்தார்.
கவட்டை வரை அது ஏறுகிறவரை
யாரும் பேசவில்லை.
"ஒரு கால் எனக்கு.
இன்னொன்று யாருக்காவது."

எர்மீனியா கையை நீட்டினாள், இடது கையை.
வலது கை பக்கவாதத்துக்குப் பிறகு
மடியில் தங்கிவிட்ட விருந்தாளி.
அவள் தைக்க, துணியைப் பிடிக்க ஆள் வேண்டும்.
"பஸ்காரரே, பிடியுங்கள்.
இழுக்காதீர்கள், ஸ்டியரிங் இல்லை அது."
தையல் நாய் கடித்த மாதிரி வந்தது.
மணல் கசியவில்லை.

என் வேலை புனல்.
அறுத்த தண்ணீர் பாட்டில் வழியாகக் கொட்டைகளை ஊற்றுவது:
பாதி உள்ளே,
பாதி சக்கர நாற்காலிகளுக்கு அடியில்.

ஐந்து மணி வேனில் ஆளுக்கொன்று மடியில்.
டிரைவர் அதற்கும் சேர்த்து பெல்ட் மாட்டினான்.
ஒரே கால்சட்டையின் இரண்டு கால்கள்
ஊரின் இரண்டு முனைகளில் இறங்கின.

திங்கட்கிழமை அல்பெர்தீனு
அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து
மேசைமேல் தொப்பென்று வைத்தார்.
வேண்டாமாம்.
குளிர் வருகிறதா? இல்லை.
மணல் கொட்டுகிறதா? இல்லை.
பின்னே?
"ரொம்ப நன்றாக அடைக்கிறது.
லிஃப்ட் சத்தமே கேட்பதில்லை."

யார் வரப்போகிறார்கள் லிஃப்டில், என்றாள் இவோன்.

"எனக்கு யாரும் இல்லை.
மூன்றாவது மாடிக்கு வருவார்கள், ஐந்துக்கு வருவார்கள்.
வருகிறார்கள் இல்லையா,
அது கேட்க வேண்டும்."

எர்மீனியா ஒன்றும் சொல்லவில்லை.
நூலைப் பல்லால் கடித்து ஒரு முனையைப் பிரித்தாள்.
ஒரு பிடி கொட்டையை வெளியே எடுத்தாள்.
அவர் கையை இழுத்துத் துணியில் வைத்து
நான்கு விரல் அளந்தாள், அவருடைய விரல்களை.
அங்கே மறுபடி மூடித் தைத்தாள்.
"கீல் பக்கம் விடுங்கள் அந்த இடத்தை.
காலுறை இரண்டு போடுங்கள்."

எடுத்த கொட்டைகள் இன்னும்
என் ஏப்ரன் பையில்தான் இருக்கின்றன.
நடக்கும்போது பேசிக்கொள்கின்றன.

அடுத்து என்ன செய்யலாம் என்று இவோன் கேட்கிறாள்.
சுடுபாத்திரத் துணி என்கிறார்கள்,
மூக்குக்கண்ணாடிப் பை என்கிறார்கள்,
வாக்கரில் மாட்ட ஒரு ஜேப்.
எர்மீனியாவிடம் அவளுடைய காலைப் பற்றி விசாரித்தேன்,
கதவில் கிடக்கிறதே, அதை.

"காற்று வருவதில்லை.
மடிப்பு மட்டும் இன்னும் கலையவில்லை.
ராத்திரி எழுந்தால்
சீருடையில் யாரோ வாசலில் படுத்திருக்கிற மாதிரி
ஒரு நிமிஷம் பயம்.
அப்புறம் இல்லை."