கால் சுற்று

ஓத்தெசுண்ட் பாலத்தில் ஏறியதும்
யூட்டெ கதவுக்கு மேலிருக்கும் பிடியைப் பற்றிக்கொண்டாள்.
வழக்கம்தான்.
மேற்கிலிருந்து வந்த காற்று
வண்டியை விலாவில் தோளால் இடித்தது.
இடப்பக்கம் ஒடித்தேன்.
ஸ்டியரிங் யோசித்தது.
அது யோசித்து முடிப்பதற்குள்
ஓரத்து வெள்ளைக்கோடு
எங்கள் அடிவயிற்றுக்குள் புகுந்துவிட்டது.

எண்பத்துமூன்றாம் வருடத்து டீசல் வண்டி.
உள்ளே கட்டில், அடுப்பு, மடக்கு மேசை,
ஒரு வீட்டுக்கு வேண்டியதெல்லாம் இருந்தது
நேராகப் போவதைத் தவிர.
என் கை திருப்புவதற்கும்
அதன் கால் திரும்புவதற்கும் இடையே
நான்கு விரல் ஆட்டம்.
எதிரே பால் லாரி வந்தால்
முதலில் தள்ளும், பிறகு உறிஞ்சும்,
சாப்பாட்டுத் தட்டுகள் அலமாரிக்குள் எழுந்து நிற்கும்.

"அடுத்த முறை நான் ரயிலில் வருகிறேன்,"
என்றாள் லெம்விக்கில் இறங்கி.
"நீ வந்து சேர்ந்தால் பார்க்கலாம்."

பழைய இரும்புக்கடை தோர்கில்
கையில் காபியோடு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி
எதையும் கழற்றச் சொல்லவில்லை.
"முதலில் எடை போடு."

தானியக் கிடங்கின் எடைமேடையில்
இடச் சக்கரங்களை ஏற்றி ஒரு சீட்டு,
பின்சக்கரங்களை ஏற்றி ஒரு சீட்டு.
கூட்டிக் கழித்தால்
பின்பக்கம், இடது மூலை, கட்டிலுக்கு அடியில்
எண்பது கிலோ
எனக்குத் தெரியாத ஒருவர்.

யூட்டெயின் கற்கள்.
கல்லாகிப்போன கடல்முள்ளிகள்,
ஓட்டை விழுந்த தீக்கற்கள்,
ஒன்பது கோடைகாலக் கடற்கரை.
எந்தக் கல் எந்த மழையில் கிடைத்தது என்று
ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி
வாளிகளில் இறக்கிவைத்தாள்.
பின்வில் பட்டைகள் முனகி
இரண்டு விரற்கடை நிமிர்ந்தன.

பிப்ரவரி முழுக்க
வாடகைப் படகுக் கொட்டகையில், மல்லாந்து.
சட்டைக்குள் சிமெண்டுத் தரையின் குளிர்,
கண்ணிமையில் கிரீஸ்.
வில்லின் ரப்பர் புஷ்கள்
கையோடு உதிர்ந்தன, பழைய ரை ரொட்டிபோல.
ஷாக் அப்சார்பரை அழுத்தினேன்;
போனது, திரும்பி வரவே இல்லை.
கிங்பின்னை எடுக்க மூன்று நாள், ஒரு சம்மட்டி,
தோர்கிலின் மச்சான், அவன் வாயிலிருந்து வந்த
எழுத முடியாத சொற்கள்.
இரண்டு நாற்காலிகளுக்கு இடையே நூல் கட்டி
முன்சக்கரங்களின் மூக்கை
இரண்டு மில்லிமீட்டர் உள்ளே பார்க்கவைத்தேன்.

கடைசியில்தான் ஸ்டியரிங் பெட்டி.
அதன் தலையில் ஒரே ஒரு திருகு.
"கால் சுற்று," என்றான் தோர்கில்.
"அரைச் சுற்று வைத்தால் இறுகிவிடும்,
வளைவு முடிந்தும் நேருக்குத் திரும்பாது.
ஆட்டம் கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும்."
கால் சுற்று வைத்தேன்.
கை இன்னும் கொஞ்சம் கேட்டது. கொடுக்கவில்லை.

மே மாதம். அதே பாலம், அதே மேற்குக் காற்று.
யூட்டெ ரயிலில் போகவில்லை.
வண்டி பாம்புபோல் நெளிந்தது.
இத்தனை பணம், இத்தனை குளிர்,
பல்லைக் கடித்துக்கொண்டு
இடம் ஒடித்தேன், வலம் ஒடித்தேன்.

"வண்டி நேராகத்தான் போகிறது,"
என்றாள் அவள் மெதுவாக,
"நீதான் திருப்பிக்கொண்டே இருக்கிறாய்."

பார்த்தேன். என் மணிக்கட்டுகள்
வராத தள்ளலுக்கு முன்கூட்டியே சாய்ந்து,
அது வரவில்லையே என்று மறுபக்கம் சாய்ந்து.
ஒன்பது வருடம் செய்த வேலை
நின்றுபோனது அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டு விரலைத் தவிர மற்றவற்றை எடுத்தேன்.
வெள்ளைக்கோடு ஓரத்திலேயே இருந்தது.
கீழே லிம் ஃபியோர்டு, ஈயநிறம்,
ஒரு படகு, அதன் பின்னே பறவைகள்.

பழைய தட்டல் முட்டல் எல்லாம் போயிருந்ததால்
புதிதாக ஒரு சத்தம் கேட்டது:
அவள் இருக்கைக்கு அடியில்
கல்மேல் கல் உருளும் சத்தம்.

யூட்டெ பிடியை விட்டுவிட்டு
ரொம்ப அக்கறையாக
பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.