படிப்பணம்

சனிக்கிழமை, இரண்டு மணி ஷிப்ட் முடிந்து
சிப்காட் வாசலில் டீ குடிக்கையில்
தில்லைக்கரசி சொன்னாள்:
"வண்டியை எடு ரோசலி."
எங்கே என்றேன்.
"முதல்ல எடு."

மாற்றுத்துணி இல்லை.
இரண்டு பேர் மேலும் லேபின் அமில வாடை.
அவள் பையில் பாதி பிஸ்கட் பாக்கெட்.
என் பையில் ஜெபமாலை, குடை,
கட்டாத கரண்ட் பில்.

திருவந்திபுரத்தில் நடை சாத்தியிருந்தது.
மலைப்படியில் காத்திருந்தோம்.
சந்தனம் பூசிய புது மொட்டையை
ஒரு குழந்தை தடவித் தடவிப் பார்த்தது,
யாருடைய தலையோ என்பது போல.
கரசி உப்பும் மிளகும் வாங்கிக்
கிணற்றில் போட்டாள்.
எதுக்குடி?
"கட்டி, மரு எல்லாம் கரையும்பாங்க."
உனக்கு எங்கே கட்டி?
அவள் கையைத் தட்டிக்கொண்டாள்.
ஒரு மிளகு மட்டும்
உள்ளங்கையை விடாமல் ஒட்டியிருந்தது.

திருமாணிக்குழியில்
சாமிக்கும் சனத்துக்கும் நடுவே எப்போதும் திரை.
விலக்கினால் இமைக்கும் நேரம்தான்.
விலகியதாம்.
நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
விசாரணை அறையில்
"இந்த ரீடிங் எழுதினது யாரு" என்று மேலாளர் கேட்டபோது
என் பக்கம் திரும்பாத முகம்.
எழுதியது நான்.
கீழே கையெழுத்து அவளுடையது.
அன்றைக்கு என் வாய்க்கும் ஒரு திரை இருந்தது,
அதை யாரும் விலக்கவில்லை.

வடலூர் சேரும்போது மணி ஒன்பது.
சோறு இருந்தது.
பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை,
என் கழுத்துச் சிலுவையையும் கேட்கவில்லை.
நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக
அணையாத அடுப்பு என்றார் பரிமாறியவர்.
ரசம் முழங்கைக்கு வழியக் கரசி சொன்னாள்:
"நம்ம கேன்டீன்ல இருந்திருந்தா
டெண்டர் விட்டே அணைச்சிருப்பானுங்க."
சிரித்ததில் எனக்குப் புரையேறியது.
தலையில் தட்டியது அவள் கைதான்.

ஞாயிறு காலை மந்தாரக்குப்பத்தில் பஞ்சர்.
நிலக்கரித் தூசி எங்கள் புருவத்தில்.
நூற்றிருபது ரூபாய் நான் கொடுத்தேன்.
"என் கணக்குல எழுதிக்கோ" என்றாள்.
என் கணக்கில் இருப்பதை
எங்கே எழுதுவது?

மணவாளநல்லூர்.
கொளஞ்சியப்பருக்கு முகமில்லை,
பலிபீடம் போல ஒரு கல்.
இங்கே வேண்டுதல் எழுதுவதில்லை,
பிராது எழுதுகிறார்கள்.
திருடினவன் மேல், ஏமாற்றினவன் மேல்,
பங்காளி மேல்.
கரசியும் ஒரு வெள்ளைத்தாள் வாங்கினாள்.
பரீட்சை ஹாலில் போல
இடது கையால் மறைத்துக்கொண்டு
நிறுத்தாமல் எழுதினாள்,
ஒரே ஒரு இடத்தில் அடித்துத் திருத்தினாள்.

எந்த ஊரும்மா என்றார் ரசீது போடுபவர்.
"கடலூர்."
அறுபது கிலோமீட்டர்னு போடறேன் என்று
தூரத்துக்கான படியைக் கூட்டினார்.
சில்லறை எண்ணிக் கொடுத்தாள்.
அறுபது கிலோமீட்டருக்குப் படி!
சம்மன் கொண்டு வருகிற முனியப்பர்
தூண் வரைக்கும் நடந்தால் போதும்.
அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்,
இரண்டு பேர் செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு.

முனியப்பர் சன்னதியில் தாளைச் சுருட்டிக் கட்டினாள்.
அங்கே ஏற்கெனவே அத்தனை சுருள்கள்,
காற்றுக்கு எல்லாம் ஒரே மாதிரி சலசலத்தன.
தொண்ணூறு நாள் கெடுவாம்.
வழக்கு முடிந்தால்
எழுதினவரே திரும்ப வந்து
ராஜினாமா செய்துவிட வேண்டுமாம்.

திரும்பும் வழியில் அவள் பேசவில்லை.
வேகத்தடையில் மட்டும்
என் தோளைப் பிடித்தாள்.
தடை தாண்டியும் கையை எடுக்கவில்லை.
குறிஞ்சிப்பாடி தாண்டி, ஒரு லாரி கடந்த பிறகு
காதருகே குனிந்து சொன்னாள்:
"ராஜினாமா பண்ண வரும்போதும்
நீதான் வண்டி ஓட்டணும்."

நாளைக்கே மேலாளரைப் பார்க்கிறேன் என்றேன்.
ஹெல்மெட்டுக்குள் சொன்னது.
கேட்டதோ என்னவோ,
பாதி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தம்
முதுகுக்குப் பின்னால்.