அவனாட்டவே

மூன்று வருசமாக எனக்கு அவனைத் தெரியும்.
மூக்கு கிடையாது அவனுக்கு.
மூக்கு இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு நிழல் கீற்று, அரை நூல் நீளம்,
மூன்றாவது ஸ்கிரீனில் கறுப்போடு வரும்.
காற்றே அடிக்காத நாளிலும்
ஒரே பக்கமாகப் பறக்கிற வெள்ளி முடி.
நெற்றிப்பொட்டோரம் ஒரு சொட்டு வேர்வை,
அதற்கென்று தனியாக ஒரு நீலம்.
"ஒரு சொட்டுக்கு ஒரு ஸ்கிரீனா?" என்று
மாசம் ஒருதரம் கேட்பார் சென்னியப்பண்ணன்.
அந்தச் சொட்டு இல்லீன்னா
அவனுக்குப் பயமே இல்லைன்னு ஆயிருமுங்க, என்பேன்.
புரிந்ததோ என்னவோ,
சட்டம் பூட்டித் தருவார்.

அனுப்பர்பாளையத்துக்கு அக்கட்டால,
பாத்திரப் பட்டறைச் சத்தம் முடிகிற இடத்தில்
எங்கள் பிரிண்டிங்.
படத்தை நிறம் நிறமாக உரிப்பது என் வேலை.
வெங்காயம் உரிப்பதாட்டத்தான், கண்ணும் எரியும்.
டேபிள் பையன் நந்தகோபால்
சாப்பாட்டு நேரத்தில் போனில் கதையைக் காட்டுவான்,
வலமிருந்து இடமாகத் தள்ளித் தள்ளி.
தலைகீழ் நெகட்டிவ் படிக்கிற எனக்கு
அது ஒன்றும் கஷ்டமில்லை.

போன ஆடியில் பையரிடமிருந்து மெயில்.
இனி வரைந்தவன் வேண்டாமாம்.
நிஜ ஆளை வைத்து சினிமா எடுத்துவிட்டார்களாம்,
அந்த முகத்தை அடிக்கணுமாம்,
பதினெட்டாயிரம் பீஸ்.

திறந்து பார்த்தேன்.
மூக்கு இருந்தது.
மூக்கில் இரண்டு துளை இருந்தது.
கன்னத்தில் அம்மைத் தழும்போ, பருக் குழியோ.
நான்கு நிறத்தில் புள்ளி புள்ளியாக உடைத்தும்
ஒரு மனுசனை முழுசாக உரிக்க முடியவில்லை.
முடி மட்டும் அதே முடி. விக்.
காதோரம் அதன் வலை தெரிந்தது.

"அவனாட்டவே இருக்கான்" என்றார் அண்ணன்.
எங்கள் பக்கம் இந்த 'ஆட்ட' பொல்லாத சொல்.
பூனையாட்ட வந்தான் என்றால்
வந்தது பூனை இல்லை என்றும்தான் அர்த்தம்.

படம் வந்த ஞாயிறு, ரெண்டாம் ஆட்டம்.
யூனிட்டே போனோம்,
செக்கிங் தெய்வாத்தா அக்கா,
க்யூரிங் ஜிதேந்திர நாயக், எல்லோரும்.
தமிழில் பேசினான் அவன், விளம்பரக் குரலில்.
வாளை ஓங்கியபோது
பின்னால் கோடு கோடாக வேகம் ஓடவில்லை,
வெறும் சுவர், ஒரு ஜன்னல்.
பையன்கள் சிரித்தார்கள்.
காகிதத்தில் இருபத்திரண்டு பக்கம்
அந்தரத்தில் நின்றவன்
திரையில் மூன்று நொடியில் விழுந்தான்.
நிஜ ஆளைப் பூமி இழுக்குமல்லவா.

விழுந்தவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.
கதையில் அப்படி இல்லை.
எழுந்தபோது விக்குக்கு அடியிலிருந்து
வேர்வை இறங்கியது,
ஒரு சொட்டு அல்ல, நெற்றி முழுக்க,
பசை இளகி, புருவம் தாண்டி, கண்ணுக்குள்.
துடைக்கவில்லை. ஷாட் முடியணும் போல.
பக்கத்தில் ஜிதேந்திரன் சிரிப்பை நிறுத்தினான்.
நூற்று அறுபது டிகிரி வாயில்
பத்து மணி நேரம் நிற்கிறவன்.
"அங்கே ஃபேன் இல்லை" என்றான்,
தெரிந்த தமிழில்.

படம் நாலு நாள்.
ஆர்டரை நிறுத்தச் சொன்னார் பையர்.
அடித்து முடித்த ஆறாயிரமும்
கிலோ கணக்கில் காதர்பேட்டைக்குப் போனது.
வரைந்தவன் திரும்பி வந்தான்
மூக்கில்லாமல், நீலச் சொட்டோடு,
ஒன்றும் நடக்காததாட்ட.

நேற்று நொய்யல் பாலத்தில் நெரிசல்.
பனியன் வேஸ்ட் மூட்டை ஏற்றிய மூணு சக்கர சைக்கிள்.
மிதிக்கிறவர் நெஞ்சில் அந்த நடிகன்,
நிறம் கால் அங்குலம் விலகி
இரண்டு மூக்கோடு.
மேடேறிய மூச்சு அவருக்கு இன்னும் அடங்கவில்லை.
முகம் உப்பியது, தணிந்தது, உப்பியது.
அக்குளில் தொடங்கிய ஈரம்
மெல்லப் பரவி
நடிகனின் நெற்றிப்பொட்டோரம் வந்திருந்தது,
சரியாக அந்த இடத்துக்கு,
இந்தத் தடவை நான் ஸ்கிரீன் போடாத இடத்துக்கு.