கேபின் ஏழு

கே. புதூர் மாடியறை, ராத்திரி பத்தரை.
லேப்டாப்பின் விலாவில் ஒரே வயர்,
அதன் நுனியில் உள்ளங்கை அகல டாக்.
சிக்கந்தர் நெட் சென்டரை மூடியபோது
எடைக்குப் போகுமுன் வாங்கிய
இரண்டு மானிட்டர்.
ஒன்றின் நெற்றியில் இன்னும்
'கேபின் 7' ஸ்டிக்கர்.

முதலில் இரண்டும்
ஒரே முகத்தைக் காட்டின.
பிறகு ஏழு இருண்டது.
பிடுங்கி, ஊதி, மறுபடி செருகி,
திட்டி,
கரண்ட் போய் வந்ததும்
தானே விழித்துக்கொண்டது.

ஆனால் ஒருவழியாக்கிய மாசி வீதி மாதிரி
வலத் திரைக்குப் போக
இட ஓரத்தில் முட்ட வேண்டும் அம்புக்குறி.
செட்டிங்ஸில் திருத்தலாம்.
நான் எழுந்து
மானிட்டர்களை இடம் மாற்றினேன்.

மணிக்கு இருபது ரூபாய் அப்போது.
வேலை ஓடுகிறது மூன்று திரையிலும்;
ஏழின் பக்கம் திரும்பினால் மட்டும்
மூலையில் மணி பார்க்கிறேன்.