எட்டு பாகம், களி

கரை இன்னும் கண்ணில் படவில்லை. தை மாதத்துப் பனி.
ஈயக்குண்டை இறக்கினேன்.
முப்பத்தொரு நாளாக எதையும் தொடாத கயிறு
எட்டாம் முடிச்சில் தளர்ந்தது.

"எட்டு பாகம்."
"அடியில என்ன?" என்றார் தண்டையல் கலிபா மரைக்காயர்,
சுக்கானிலிருந்து கையெடுக்காமல்.

குண்டின் குழியில் அப்பியிருந்த கொழுப்பில்
ஒட்டிக்கொண்டு வந்திருந்தது ஒரு சிட்டிகை.
வழித்தேன். முகர்ந்தேன்.
பெயர் சொல்ல ஒரு மூச்சு பிடித்தது.
"களி."
"அப்ப காவேரிதான். நாகப்பட்டினம்
வச்ச எடத்துலயே இருக்கு."

அதற்குப் பிறகு எல்லாம் விரைவாக நடந்தது.
நீலம் பச்சையாகி
பச்சை டீத்தண்ணீராகி
அதில் ஒரு வாழைமட்டை மிதந்து வந்தது.
பருமலில் வந்து உட்கார்ந்தது காக்கை,
எங்களைக் கணக்கெடுக்க வந்தது போல.
நாகூர் மினாரா முதலில் ஒற்றை ஊசி,
பனி விலக விலக ஐந்து.
கலிபா தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.
தன் கோயில் இன்னும் தெற்கே என்று தெரிந்தும்
சவரியப்பன் சிலுவை போட்டுக்கொண்டான்.

பாய் இறங்கியது.
பாயின் ஓசை நின்ற இடத்தில்
ஊர் நுழைந்தது.

பினாங்குக் கப்பல் புகை கக்கி நிற்க
அதன் வயிற்றோரம் வெங்காய மூட்டையோடு வத்தைகள்,
வத்தைகளுக்குள் வசவு.
"ஏ மோல்மேன் தோணி! நங்கூரத்தை எம்மேல போடாத!"
"கண்ணு தெரியல?"
"தெரிஞ்சாத்தான் ஒன் மூஞ்சியப் பாக்கணுமே!"
ஒரு மாதமாகப் பத்துப் பேர் குரலை மட்டுமே
அறிந்திருந்த காது
எதற்குத் திரும்புவது என்று தெரியாமல் வலித்தது.
எண்ணெயில் ஏதோ பொரிந்தது, காற்றில்.
பண்டாரி உசேன்கனி கண்ணை மூடி, "வாழைக்கா" என்றான்,
வேதம் ஓதுகிறவன் போல.

சுங்கத்து ஆள் குடையோடு ஏறினார்.
தேக்கு எத்தனை துண்டு. ஆள் எத்தனை.
ஒவ்வொருவராக: பேர், ஊர்.
என் முறை வந்தபோது
"தோணி" என்று சொல்லிவிட்டேன்.
அவர் நிமிராமலே
நாகப்பட்டினம் என்று எழுதிக்கொண்டார்.

இரவுக் காவலுக்குக் கயிற்றுத் துண்டு இழுத்தோம்.
குட்டையானது எனக்கு.
மற்றவர்கள் வத்தையில் குதித்துப் போனார்கள்,
துவைத்த சட்டை, கடன்பட்ட அத்தர்.
நான், பாதிப் பானைக் கஞ்சி, ஒரு கருவாடு.
எட்டிப் பிடிக்கலாம் போல விளக்குகள்.
கொட்டகைப் பாட்டு
அலை மேல் அறுந்து அறுந்து வந்தது.

தண்ணீர்ப் பீப்பாய் மூடியில்
அந்தக் களியை அப்பி வைத்திருந்தேன்.
ஏன் என்று கேட்க ஆளில்லை, சொல்கிறேன்.

கீழ்வேளூருக்கு மேற்கே ஒரு பண்ணையில்
இதே சேற்றை என் அப்பன் மிதித்தான்.
இதில் ஒரு குழி அவன் பேரில் இல்லை.
அளக்கும்போது மரக்கால் குறைகிறது என்று
நான் வாய்விட்டுச் சொன்னது ஒரு மாலையில்.
மறுநாள் விடியுமுன்
கடுவையாற்றோரமாகவே ஓடி வந்து
கண்ட தோணியில் ஏறியவன்தான்.

சேறும் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது.
மதகு மதகாகத் தப்பி,
எவன் வயலிலும் தங்காமல்.
எட்டு பாகத்துக்குக் கீழே வரப்பு இல்லை.
அங்கிருந்து அள்ளினால்
எவன் மண் என்று அதட்ட யாரும் வருவதில்லை.

நங்கூரம் போட்ட தோணி
ஓடுகிற தோணியைவிட மோசமாக ஆடும்.
தூங்கவில்லை.

விடிந்ததும் பார்த்தேன்.
பங்குனி வயல் போல வெடித்திருந்தது,
கட்டைவிரல் அகலத்துக்குள்
முழு வயல்.

மரம் இறக்க வந்த வத்தைக்காரன்
கீழேயிருந்து கத்தினான்:
"யாருப்பா மேல? ஊருக்காரனா?"

கையைக் கடலில் அலம்பினேன்.
நகக்கண்ணில் இருந்தது போகவில்லை.
"கயித்தப் புடி" என்றேன்.